தீர்மானப் புத்தகத்தில் ஒரு ‘பின்பக்கம்’

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான்கு தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றன. நீளமான, கோடு போட்ட கணக்கு நோட்டுகள். முதல் இரண்டின் அட்டை பிய்ந்துபோய் பிரவுன் தாள் ஒட்டியிருக்கிறது. செயலாளர் பொறுப்பு என் கைக்கு வந்தபோது அவையும் ஒரு துணிப்பையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரு வருஷம் பீரோ மேலேயே கிடந்தன. போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டபோது, வாக்கிங் போக வழியில்லாமல், எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

2001இலிருந்து எழுதியிருக்கிறோம். கேட்டுக்கு எந்தக் கலர் பெயின்ட், வாட்ச்மேன் சம்பளம், தெருநாய், தெருவிளக்கு, பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக வசூல், போர் மோட்டார் எரிந்துபோனது, அதைச் சுற்றிக் கட்டியது, மறுபடி எரிந்தது, சிசிடிவி, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்போர் பட்டியல். எங்கள் லேஅவுட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வருஷப் புத்தகத்தில் ‘ஏரி’ என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒருமுறை, கொசுத் தொல்லை. இன்னொருமுறை, ஏரிப் பக்கச் சுவரை ஐந்து அடியிலிருந்து எட்டு அடியாக உயர்த்தும் தீர்மானம்.

மூன்றாவதாகவும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே ‘ஏரி’ என்ற சொல் இல்லை. 2005ஆம் ஆண்டு, நீல மையில், அழகான கையெழுத்தில்: “வீடுகளின் கழிவுநீரைப் பின்பக்கம் விடுவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” கீழே பதினேழு கையெழுத்துகள். ஆறாவது என்னுடையது.

பின்பக்கம் என்று நாங்கள் எழுதியது அந்த ஏரியைத்தான். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை என் ஒருவனுடைய குறையாக எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் ஐந்து பேர் இன்று இல்லை. மிச்சமிருக்கும் எங்களில் யாராவது ஒருவர் எழுதியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் வேலை செய்து ஓசூரிலேயே ஓய்வு பெற்றவர்கள் பாதி. பெங்களூரில் வேலை பார்த்து, அங்கே கட்டுப்படியாகாமல் எல்லை தாண்டி வந்து வீடு கட்டியவர்கள் மீதி. முதல் வகையில் நான். எழுபதுகளில் சிப்காட் இங்கே வந்தது. பின்தங்கிய பகுதி என்று அரசு சலுகை கொடுத்தது, பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருந்தது, கம்பெனிகள் வந்தன. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இந்த ஊரிலிருந்துதான் வெளியே போனது. அசோக் லேலண்ட் வந்தது, பிறகு டைட்டன் வாட்ச் வந்தது. திருநெல்வேலி, கரூர், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஐடிஐ முடித்த பையன்களாகவும் டிப்ளமோ முடித்தவர்களாகவும் வந்து இறங்கினோம். வந்த முதல் மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் ஷிஃப்ட்டுக்குப் போய் நடுங்கியது இன்னும் உடம்பில் இருக்கிறது. ஏறக்குறைய 3,000 அடி உயரம். சித்திரையில்கூட இரவில் போர்வை வேண்டும். காலையில் பனி பட்ட அவரைக்காயின் வாசம் தெரு முழுக்க வரும். தெற்கே பார்த்தால் மேலகிரி மலைத்தொடர், மழைக்கு முன்னால் நீலமாக, கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கும்.

ரிட்டயர் ஆனதும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவோம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். யாரும் போகவில்லை. ஊரின் வெயில் இனிமேல் தாங்காது என்றோம். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள் என்றோம். பி.எஃப். பணத்தில் ஒரு மாடி எழுப்பினோம். மலைக்காற்றுக்காக இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் காற்றை எது குளிர வைக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஏரிகளும், ராகிக் கொல்லைகளும், தளிப் பக்கத்துக் காடும் இல்லாமல் இந்தக் குளிர்ச்சி இல்லை. அது ஊரோடு கூடவே வந்த சீதனம் என்று நினைத்துக்கொண்டோம்.

லேஅவுட் போடுவதற்கு முன்னால் இது ராகிக் கொல்லை. விற்றவர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். தெலுங்கு பேசும் குடும்பம். பத்திரம் பதியும் அன்று ஒரு பைசா பிசகாமல் எண்ணி வாங்கிக்கொண்டு, “நல்ல மண்ணு சார், பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கொல்லையில் மேல்மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. வாஸ்து கேட்டோம். ஈசானிய மூலையில் போர் போடலாமா என்று கேட்டோம். நூறு வருஷமாக அந்த மண்ணில் நின்ற குடும்பத்திடம் கேட்க எங்களுக்கு ஒரு கேள்விகூட இல்லை.

அவர்கள் பேச்சும் எங்களுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஓசூர் என்ற பெயரே கன்னடத்தில் ‘புதிய ஊர்’. சுற்றி இருக்கிற ஊர்ப் பெயர்கள் பள்ளி என்றும் அக்ரஹாரம் என்றும் முடியும். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நாற்பது வருஷம் இங்கே இருந்தும் எங்களில் பலருக்குத் தெலுங்கில் பத்து வார்த்தை வராது. அந்தப் பத்தும் காய்கறி விலை கேட்பதற்கு.

போர் கதை எல்லா ஊரிலும் இருப்பதுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் போர் 250 அடி. அடுத்தது 600. கடைசியாக 2019 கோடையில் போட்டது 1,150 அடி, புழுதிதான் வந்தது. அதன் பிறகு டேங்கர். ஒவ்வொரு முறையும் தீர்மானப் புத்தகத்தில் ஆழமும் செலவும் எழுதியிருக்கிறோம். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்ற ஒரு ஏரிக்கும் எங்கள் போருக்கும் சம்பந்தம் உண்டு என்பது தொழிற்சாலையில் முப்பது வருஷம் பம்பும் வால்வும் பார்த்த எங்களுக்குத் தெரியாததல்ல. கம்பெனியில் ஒரு வால்வு கசிந்தால் ஷிஃப்ட் முடிவதற்குள் ரிப்போர்ட் எழுதுவோம். அந்தக் கண்ணை கேட்டுக்கு வெளியே கொண்டுவரவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த எங்கள் நண்பர்களின் குற்றவுணர்வு இன்னும் கனமானது. அவர்களே சொன்னதால் எழுதுகிறேன். பெங்களூருக்கு ஒரு காலத்தில் ‘பென்ஷன்காரர்களின் சொர்க்கம்’ என்று பெயர். குளிர், மரம், ஏரி, பங்களா. அந்தச் சொர்க்கம் எப்படி முடிந்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். பெல்லந்தூர் ஏரி வீடுகளின் கழிவுநீரால் நிரம்பி, நுரை பொங்கி, 2015இலும் 2017இலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்தது. ஏரி எரிந்த ஊரில் இனி வேண்டாம் என்று விற்றுவிட்டு இங்கே வந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூரை ஒட்டியிருக்கிற கெலவரப்பள்ளி அணைக்கு. அணையில் மதகு திறந்தால் ஆற்றில் வெள்ளை நுரை மலை மலையாக எழும்புகிறது. சில நாள் தட்டிகானப்பள்ளி தரைப்பாலமே அதில் மூழ்கிப்போகிறது. அங்கே நாற்பது வருஷம் தங்கள் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் அனுப்பியதை, இங்கே ஓய்வெடுக்க வந்த இடத்தில் மறுபடி சந்தித்திருக்கிறார்கள்.

நாங்கள் அதற்குச் செய்தது என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்கு காரில் போய்ப் பார்த்தோம். என் பேத்தி, “தாத்தா, பனிக்கட்டியா?” என்று கேட்டாள். நாங்கள் போட்டோ எடுத்தோம். காற்றில் ஒரு நுரைத் துண்டு பறந்து வந்து பக்கத்துக் கொல்லையில் கொத்தமல்லிப் பாத்தி மேல் உட்கார்ந்தது. அதை நான் பார்த்தேன். காருக்குள் ஏறி ஜன்னலை ஏற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உழவர் சந்தையில் கொத்தமல்லி வாங்கும்போது எல்லோரும் ஒரே கேள்வி கேட்டோம்: “ஆத்துத் தண்ணி காயா, போர் தண்ணி காயா?” போர் தண்ணி என்று சொன்னவரிடம் வாங்கினோம். ஆற்றுப் பாசனக்காரர் ஒருவர் பொய் சொல்லாமல், “ஆத்துத் தண்ணிதான் சார், வேற என்ன பண்றது” என்றார். அவர் கடையைத் தாண்டிப் போய்விட்டோம். அவருடைய கால் கணுக்காலுக்குக் கீழே சொறிந்து சொறிந்து தோல் தடித்துப் போயிருந்தது. அந்தத் தண்ணீரில் தினமும் நிற்பவர். அவரோடு போய் ஒரு மனுவில் கையெழுத்துப் போட எங்களுக்கு நேரம் இருந்தது, பென்ஷன் இருந்தது, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்கூட எங்கள் மூன்றாவது தெருவில் இருந்தார். நாங்கள் அவருடைய கொத்தமல்லியை மட்டும் தவிர்த்தோம்.

இந்த வெட்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெங்களூர் எங்களுக்குச் செய்கிறது என்று கெலவரப்பள்ளி நுரையைக் காட்டிப் பேசுகிற நாங்கள், 2005இல் ஏகமனதாகச் செய்தது அதேதான். எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழே இன்னொரு ஏரி. அதற்குக் கீழே ஒரு கிராமம். அங்கே இருப்பவர்களுக்கு நாங்கள்தான் பெங்களூர்.

தண்ணீர் பற்றியே பேசுகிறேன். ஆனால் இந்த மாவட்டத்தில் வேறு எதைப் பேசினாலும் அது தண்ணீரில் வந்துதான் முடிகிறது. எங்கள் வீட்டில் பதினொரு வருஷம் வேலை செய்த அம்மா பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவர். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். பற்களில் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். புகையிலைப் பழக்கம் என்று என் மனைவி நினைத்தாள், நானும் அப்படியே நினைத்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் அப்படி ஆகும், பல வருஷம் குடித்தால் முட்டியும் முதுகும்கூட இறுகும் என்பதும், அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் எனக்குச் செய்தித்தாளில் தெரியும். 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கம். அந்தத் திட்டத்தை எதிர்த்து எல்லையில் நடந்த கலாட்டாவெல்லாம் நினைவிருக்கிறது. அந்தச் செய்தியையும் என் சமையலறையில் நின்ற அந்தப் பல் வரிசையையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. குனிந்து துடைக்க முடியவில்லை என்று அவர் வேலையை விட்டபோது, வயசாயிடுச்சு என்றோம். அவருக்கு வயது 46. என்னைவிட இருபது சின்னவர்.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் அப்போதே இருந்தது. அவர் தினமும் வெளிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்க, இதில் குடியுங்க என்றும் சொன்னதில்லை.

யானைகளைப் பற்றி எழுதாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. ராகி முற்றுகிற பருவத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து சானமாவு காடு வரைக்கும் கூட்டம் கூட்டமாக நிற்கும். 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கிற வழியில் லேஅவுட் விளம்பரப் பலகை முளைத்தபோது, இரண்டாவது சைட் வாங்கிப் போட்டவர்கள் எங்களில் பலர். ‘மலைக் காட்சி’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். ராகிக் கொல்லையில் பரண் கட்டி, இரவெல்லாம் விழித்து, ஒரே ராத்திரியில் ஆறு மாதப் பாட்டைப் பறிகொடுத்து நிற்பவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாட்ஸ்அப்பில் யானை வீடியோ வந்தால் பேரனுக்கு அனுப்பினோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இதே மாவட்டத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரித் தண்ணீர் ஊருக்குள் பாய்ந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் பொம்மை மாதிரி இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அன்று எங்கள் குரூப்பில் வந்த முதல் செய்தி: “நாம மேட்டுல இருக்கோம், கவலை இல்லை.” பதினாறு பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நானும்.

ஒருமுறை மட்டும் இந்த ஊர் எங்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. 2020 ஊரடங்கில் அத்திப்பள்ளி எல்லையில் தடுப்பு போட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம், எங்கள் இதய டாக்டர் அந்தப் பக்கம், சர்க்கரைக்கு மாதாமாதம் பார்க்கிற டாக்டர் அந்தப் பக்கம். நாற்பது நிமிஷத்தில் போகிற ஊர் வெளிநாடு மாதிரி ஆயிற்று. மாத்திரை தீர்ந்துபோய் நாங்கள் ஏழெட்டு வயசானவர்கள் முதல்முறையாக ஓசூர் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, சூளகிரிப் பக்கம், “நீங்க எந்த ஊரு சார்?” என்று கேட்டார். நான் திருநெல்வேலி என்று சொன்னேன். அப்போது எனக்கு இந்த ஊரில் முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பதிலை இன்னும் விழுங்க முடியவில்லை. எங்கள் எல்லாக் குறைக்கும் வேர் அதில் இருக்கிறது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனபோது வீட்டு விலை எவ்வளவு ஏறும் என்று பேசினோம். எங்கள் வார்டில் மழைநீர் வடிகால் எங்கே போக வேண்டும் என்று பேசவில்லை. உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். அவர்களோ, சார்மாருங்க எல்லாம் படிச்சவங்க, அவங்க கேட்பாங்க என்று இருந்தார்கள். நடுவில் ஏரி செத்துக்கொண்டிருந்தது.

தீர்மானப் புத்தகத்தை மூடிய மறுநாள், மழை விட்டிருந்தது, நிலம் விற்ற அந்தப் பெரியவரின் மகனைத் தேடிப் போனேன். பெரியவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியாது, அறுநூறு அடி தூரம்தான். மகனுக்கும் அறுபது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். சுவர் ஓரமாக நடந்தோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். ஏரி கோடி போகிற நாளில் ஊரே வந்து நிற்குமாம். கங்கம்மாவுக்குப் பூஜை போட்டு, மஞ்சள் குங்குமம் விட்டு, பிள்ளைகள் மீன் பிடித்துக்கொண்டு போவார்களாம். கடைசியாக எந்த வருஷம் கோடி போயிற்று என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “எங்க அப்பா உங்களுக்கு எழுதிக் கொடுத்தாரே, அதுக்கு முந்தின வருஷம்” என்றார்.

அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இல்லை. இவ்வளவு நாள் தெரியாமலா இருந்தீர்கள் என்பது போல ஒரு பார்வை. “வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனார். லேஅவுட்டுக்குள் வந்து, இரண்டாவது தெருவில் திரும்பி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கார் நிறுத்துகிற இடத்தைக் கையால் காட்டி, “வரத்துக் கால்வா இப்படித்தான் சார் வந்துச்சு. எட்டு அடி அகலம். மேட்டுல பெஞ்ச தண்ணி பூரா இதுலதான் ஏரிக்கு இறங்கும்” என்றார்.

அவர் போன பிறகு புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வாய்க்கால் புறம்போக்கு என்று இரண்டு மெல்லிய கோடுகள். லேஅவுட்டுக்குள் பதினொரு வீடுகளின் மேல் போகின்றன. என் சம்ப் அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது. டேங்கர்க்காரன் வந்து தண்ணீர் இறக்குகிற சம்ப்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. என்னைத் தவிர மீதிப் பத்து வீட்டுக்காரர்களையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் கதவைத் திறந்து உட்கார வைத்துக் கேட்டார்கள், இருவர் வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார்கள், மற்றவர்கள் பதில் சொல்லவில்லை. பெரியவரின் மகனையும், கீழ் ஏரிக் கிராமத்திலிருந்து இரண்டு பேரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் வெளியாட்கள் உட்காருவது இதுதான் முதல்முறை. நாற்காலி போதாது என்று என் வீட்டிலிருந்து ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். முதல் தீர்மானத்தை நானே எழுதியிருக்கிறேன். 2005ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்து செய்வது. அதில் ‘பின்பக்கம்’ என்ற சொல் இல்லை. பெரியவரின் மகனிடம் கேட்டு, ஏரியின் பெயரையே எழுதியிருக்கிறேன்.